வெள்ளைத் துணிக்குப் பின்னால் கேட்ட விசில்

திரைப்படத்தில் நான்கு பொடியன்மார் ஒரு பெண்ணை வழிமறித்தால் பாட்டு வரும். எங்கள் ஊரில் பாட்டு வராது. வாப்பா வருவார். வந்து, "நாளையிலிரிந்து போகத் தேவல்ல" என்பார். படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் காட்டமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஒருத்தி அடுப்பங்கரையில் மீன் ஆய்வதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

இப்போது கல்முனைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவரும் வீட்டில் படம் போட ஒரு டெக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் படிப்பிக்கிற வகுப்பில் பிள்ளைகள் திங்கட்கிழமை முழுக்கப் படக்கதைதான். "டீச்சர், அவன் பகிடி பண்ணினதாலதானே அவளுக்கு அவன்ல விருப்பம் வந்திச்சி?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. சாதாரண தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் அந்த வகுப்பை எட்டிப் பார்த்ததில்லை. வாப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். உம்மாவுக்கு ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் பெரிய பிழை இருந்ததாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளாமை வெட்டி முடிந்த காலம். வயல்கார போடியார் ஒருவர் தன் மகனின் சுன்னத்துக் கலியாணத்துக்குப் படம் காட்ட ஏற்பாடு செய்தார். பள்ளிவாசல்காரர்கள் முதலில் கூடாது என்றார்கள். பிறகு, ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருந்தால் பரவாயில்லை என்றார்கள். போடியாரின் வளவுக்கு நடுவே கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். முன்பக்கம் மெசினும் ஆண்களும். துணிக்குப் பின்பக்கம் பாயும் பெண்களும். அதாவது நாங்கள் படத்தைப் பின்னாலிருந்து பார்த்தோம். எல்லாம் இடம் வலமாகத் தெரிந்தது.

பெயர் எழுத்து விழுந்ததும் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாயில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நானும், என் வகுப்பில் படித்த என் கூட்டாளியும்.

"புள்ள, படத்துட பேரு என்ன? வாசிச்சிச் செல்லேன்."

"எழுத்தெல்லாம் மாறிக் கிடக்கு மாமி."

"இவ்வளவு காலமும் என்னத்தத்தான் படிச்சாயோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி எழுத்திலிருந்து கூட்டி வாசிப்பதற்குள் பெயர் போய்விட்டது.

படத்தின் கதாநாயகன் சோறு தின்றான். எங்கள் பக்கத்தில் அது இடக்கையாகத் தெரிந்தது. "அஸ்தஃபிருல்லா! இடக்கையால திங்கிறான் பாரு, சைத்தான்" என்றாள் ஒரு மாமி. அதற்குப் பிறகு அவனுக்கு எங்கள் பாயில் மரியாதையே இல்லை. முன்பக்கத்து ஆண்களுக்கு அவன் வீரன். எங்களுக்கு இடக்கையன்.

கதை வழமையான கதைதான். கதாநாயகி படித்தவள், பணக்காரி, திமிர் பிடித்தவள். கதாநாயகனும் கூட்டாளிகளும் அவளுடைய சைக்கிளுக்குக் காற்றைத் திறந்துவிடுகிறார்கள், புத்தகத்தைச் சேற்றில் போடுகிறார்கள், சுற்றி நின்று ஆடுகிறார்கள். அவள் அழுகிறாள். அடுத்த பாட்டில் கனவு காண்கிறாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் அவளுடைய கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்து, "பொம்பளைக்குப் படிப்பு இருந்தா போதாது, அடக்கம் இருக்கணும்" என்கிறான். உடனே அவளுக்குப் புத்தி வந்துவிடுகிறது. அவனுடைய காலில் விழுகிறாள். ஒரு அறையில் புத்தி வருமென்றால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வாத்தியார் எதற்கு?

அந்த அறை விழுந்தபோது முன்பக்கம் வளவே அதிர்ந்தது. கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். ஒரு விசில் எல்லாவற்றுக்கும் மேலே நீண்டு போனது.

"புறாக்காரன்" என்றாள் யாரோ. பெண்கள் சிரித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் புறா வளர்க்கிற ஒருவன் இருந்தான். இரண்டு விரலை வாயில் வைத்து அந்த விசிலை அடித்துத்தான் அந்தியில் புறாக்களைக் கூட்டில் அடைப்பான். எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். படிப்பை விட்டவன். அவனுடைய உம்மாவும் எங்கள் பாயில்தான் இருந்தாள். முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதே நேரம் ஒரு பெரிய சிரிப்பும், சிரிப்பு முடிவில் நீண்ட இருமலும் கேட்டன. உம்மா தலையை நிமிர்த்தித் துணியைப் பார்த்தாள். எனக்கும் அந்த இருமல் தெரியும். அது எங்கள் வீட்டு இருமல்.

அடுத்த கிழமை புறாக்காரன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மதகில் ஏறி உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்துக்கு எங்களுக்கு வேறு வழி இல்லை. பிறந்த நாளிலிருந்து "ஓம்" என்று சொல்லி வளர்ந்தவன் அந்தப் படத்துக்குப் பிறகு "ஆமா" என்றான். "என்னம்மா, படிப்பு இருந்தா போதுமா, அடக்கம் வேணாமா?" என்று இந்தியத் தமிழில் இழுத்தான். சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனால் மறுநாள் அவன் எங்கள் குடையைக் கம்பியால் கொளுவி இழுத்தபோது சிரிப்பு வரவில்லை. குடை நாங்கள் முகத்தை மறைத்துக்கொண்டு போவதற்கு. அது சேற்றில் விழுந்தது. என் கூட்டாளி அழுதாள். நான் குடையை எடுத்து, துடைத்து, விரித்துக்கொண்டு நடந்தேன்.

"ஊட்டுல செல்லாத" என்று அவளிடம் சொன்னேன். "செல்லினா அவனுக்கு ஒண்டும் நடக்காது. நமக்குத்தான் நடக்கும்."

அவளால் முடியவில்லை. அவளுடைய உம்மா சேறு பட்ட உடுப்பைப் பார்த்துக் கேட்டாள், அவள் சொல்லிவிட்டாள். படத்தில் இந்த இடத்தில் அண்ணன்காரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடுவான், சாக்கு மூட்டைகள் உருளும். அவளுக்கும் ஒரு காக்கா இருந்தார். அவர் எழுந்து போய் வாசல் கடப்பைச் சாத்தினார். அவ்வளவுதான் சண்டை. மறுநாளிலிருந்து நான் தனியே போனேன்.

நான் சொல்லாவிட்டாலும் கதை தேத்தண்ணிக் கடைக்குப் போய், அங்கிருந்து வாப்பாவின் காதுக்கு வந்தது. உம்மா முற்றத்தில் கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாளையிலிரிந்து இவ போகத் தேவல்ல. படிச்ச மட்டும் போதும்."

"எதுக்காம்?"

"பொடியன்மார் ரோட்டுல பகிடி பண்ணுறானுகளாம். மானம் போகுது."

"பகிடி பண்ணுறது அவன். இவ என்னத்துக்கு ஊட்டுக்குள்ள இரிக்கணும்? அவன ஊட்டுக்குள்ள போடச் செல்லுங்க."

"ஆம்புளப் புள்ளய ஊட்டுக்குள்ள போடுறதா? விசர்க் கத கதைக்காத."

உம்மா மீனைச் சட்டியில் போட்டாள். "அண்டைக்குப் படத்துல அந்தப் புள்ளைக்கு அவன் அடிக்கக்குள்ள கை தட்டினது ஆரு?"

"எப்ப?"

"போடியார்ர வளவுல. சிரிச்சிப் போட்டு இருமினீங்க. துணிதான் மறைச்சிருந்திச்சி. எங்கட காது மறையல்ல."

"அது படம்."

"ஓம், படம்தான். அதப் பார்த்துத்தான் அவனும் படிச்சிரிக்கான். அவனப் படிக்க உடுங்க, இவள நிப்பாட்டுங்க. நல்ல நியாயம்."

படமாக இருந்தால் இந்த இடத்தில் புருசன் வாசலைக் காட்டி, "வெளியே போ" என்று கத்தியிருப்பான். எங்கள் ஊரில் அந்த வசனம் செல்லாது. கலியாணத்துக்கு வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவர் வாப்பாதான். அவர் வாசலைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு கத என்ட காதுல உழுந்தா நிப்பாட்டுறதுதான். செல்லிப் போட்டன்."

அடுத்த பகிடியோடு என் படிப்பு முடிந்தது என்று இதற்கு அர்த்தம். சோதனைக்கு இன்னும் சில மாதங்கள் கிடந்தன. புறாக்காரன் அத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நம்ப நான் பைத்தியக்காரி இல்லை.

உம்மா மீனைப் பொரித்து முடித்துக் கையைக் கழுவினாள். பொரித்த மீனைக் கொஞ்சம் கோப்பையில் போட்டு என்னிடம் தந்து, "வா" என்றாள். நேரே புறாக்காரனின் வீட்டுக்குப் போனோம். அவனுடைய உம்மா பாய் விரித்தாள். உம்மா அவசரப்படவில்லை. மீன் விலை கதைத்தாள், வெயில் கதைத்தாள். பிறகு கேட்டாள்:

"மகனுக்கு வயசு என்ன ராத்தா?"

"பதினேழு முடியுது."

"அப்ப இன்னும் நாலஞ்சி வருசத்துல கலியாணத்துக்கு ஊடு பார்ப்பீங்க."

"அல்லாஹ் நாடினா. நல்ல ஊடா அமையணும்."

"அண்டைக்குத் துணிக்குப் பின்னால பொம்புளப் புள்ள பெத்தவங்க எத்தின பேர் இரிந்தாங்க? அந்த விசிலக் கேட்டு எல்லாரும் 'புறாக்காரன்' எண்டு சிரிச்சாங்க. இப்ப குமர்ப் புள்ளையள்ர கொடயப் புடிச்சி இழுக்கிறானாம். நான் சண்டைக்கு வரல்ல ராத்தா. நாளைக்கு நீங்க ஊடு பார்க்கப் போற நேரம் அந்த உம்மாமார் என்ன செல்லுவாங்க எண்டு நெனச்சித்தான் வந்தன்."

அந்த மாமி மீன் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

நாங்கள் கடப்பைத் தாண்டும்போது உள்ளே அவளுடைய குரல் கேட்டது. "டேய், எறங்கி வாடா கூட்டுக்குக் கீழ! ஒனக்கு ஊடு வேணுமா, மதகு வேணுமா?"

மறுநாள் மதகில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தலைவன் இல்லாததால் தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் அவர்களும் இல்லை. புறாக்காரனை அவனுடைய உம்மா வயல் வட்டைக்குக் காவலுக்கு அனுப்பிவிட்டாள்.

அவன் திருந்தினானா என்று என் மாணவி கேட்டாள். இல்லை. படத்தில்தான் மழை பெய்யும், கண்ணீர் வரும், மன்னிப்புக் கேட்பான். இவன் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நான் போகிற பாதையில் எதிர்ப்பட்டால் வானத்தில் புறா பறக்கிறதா என்று பார்ப்பான், புறா இல்லாத நேரத்திலும். அவனுக்கு வந்தது மனசாட்சி இல்லை. வீடு கிடைக்காது என்ற பயம். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் சோதனை எழுதினேன், பாஸ் பண்ணினேன்.

என் கூட்டாளிக்கு அது போதவில்லை. மதகு வெறுமையான பிறகும் அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. "இனி என்னத்துக்கு?" என்று விட்டுவிட்டார்கள். நான் சோதனைக்குப் போன காலத்தில் அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை நான் யாரைப் பற்றியும் லேசில் சொல்வதில்லை.

இரண்டு வருசம் கழித்து, வெள்ளாமை வெட்டுக்குப் பிறகு போடியார் மறுபடியும் துணி கட்டினார். கூட்டாளி மடியில் பிள்ளையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தமுறை பெயர் விழுந்ததும் நாங்கள் இருவரும் ஒரே மூச்சில் வாசித்தோம். பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். கதை அதே கதை. வேறு சட்டை, வேறு சைக்கிள். அறை விழுவதற்கு முன்னால் கூட்டாளி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"இவள் படிப்ப உட்டாளா இல்லையா எண்டு கடைசி வரைக்கும் காட்ட மாட்டானுகள், பாரு."

அறை விழுந்தது. எங்கள் பாயில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டினோம். துணிக்குப் பின்னால் காது உண்டு என்பது புறாக்காரனின் கதைக்குப் பிறகு முன்பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கேயோ இரண்டு கை தட்டத் தொடங்கிப் பாதியில் நின்றது. விசில் இல்லை. வாப்பா இருமினார், சிரிக்காமல்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் உம்மாவிடம் சொன்னார், "இந்த முறை படம் அவ்வளவு சரியில்ல."

"ஓம்" என்றாள் உம்மா.