மாமாவின் மெத்தையில் வக்கீல்

என் மாமனாரை அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பினாயில்காரர் என்றுதான் கூப்பிடுவார்களாம். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வார்டுகளைக் கழுவித் துடைக்கும் ஆட்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். காலையில் வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு கட்டில் கால், ஜன்னல் விளிம்பு, கதவுக் கைப்பிடியின் பின்பக்கம் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். துணியில் அழுக்குப் பட்டால் "ஃபெயில்" என்பார். திட்ட மாட்டார், கத்த மாட்டார். அந்த ஒரு சொல்லுக்கே ஆட்கள் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களாம்.

ஓய்வு பெற்று, மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். ஒரு பெட்டித் துணி, ஒரு ரேடியோ, இரண்டு கேன் பினாயில். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனசு வராது. வந்த மறுநாளே வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பினால், மூன்றாவது மாடிக்கு ஏறும் முன்பே எங்கள் வீட்டு நெடி கீழே இறங்கி வந்து என்னை அழைத்துப் போகும். தரையில் முகம் பார்க்கலாம். எனக்கோ மண்டை பிளக்கும். போனதும் ஜன்னல்களைத் திறந்து வைப்பேன்.

"காத்து வரட்டும் மாமா."

"ஆமாம்மா, காத்து நல்லது" என்பார்.

நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை. பவர் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருப்பதைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கேட்காமலே கழுவிக் கவிழ்த்து வைக்கிற மனிதரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு குறை சொல்வது?

எங்கள் வீட்டில் நான்காவது ஆள் ஒருவன் உண்டு. கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை, எதற்கெடுத்தாலும் எதிர்வாதம். அதனால் அந்தப் பூனைக்கு வக்கீல் என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருக்கிறவன். மாமா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்தப் பிராணி" என்பார். அதுவும் மரியாதையாகத்தான்.

மாமாவின் அறையைத் தாண்டிப் போனால் பால்கனி. அங்கேதான் வக்கீல் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகிற மண் தட்டு இருந்தது. ஒருநாள் மாமா அதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னம்மா? அதோட கக்கூஸா?"

"ஆமா மாமா."

"கக்கூஸ்னா அது என் டிபார்ட்மென்ட்."

அன்றிலிருந்து தினமும் தட்டைப் பினாயில் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காய வைத்து, புது மண் நிரப்பினார். எங்கள் சாப்பாட்டுத் தட்டைவிட அது சுத்தம் என்று நானே கடையில் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. மாமா குளித்துவிட்டு வந்து பார்த்தால் மெத்தை நடுவில் ஈரம். முதல் தடவை, "சின்னப் பிள்ளை மாதிரி" என்று சிரித்தார். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை தானே விரிப்பை உருவி எடுத்து ஊறப்போட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வக்கீலை உருட்டி மிரட்டினேன். அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே வாதாடினான்.

"அதுக்கு என்னைப் பிடிக்கல" என்றார் மாமா, சாப்பிடும்போது. "கிழவன் ஒருத்தன் வந்து இடத்தைப் புடிச்சுக்கிட்டான்னு காட்டுது."

என் வீட்டுக்காரருக்குப் பிரச்சினை என்றால் சீக்கிரம் மூட்டை கட்டி அனுப்பிவிட வேண்டும். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் தோட்டத்தோட வீடு வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை வக்கீலை அங்க கொண்டு விட்டுடறேன்" என்றார்.

"அதை எதுக்குடா அனுப்பறே? அது எனக்கு முந்தி வந்தது. நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்." மாமா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் ஒரு ஆள் குறையப் போகிறது. எனக்கோ இரண்டு பேரும் வேண்டும்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு வக்கீலைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றை அமுக்கிப் பார்த்து, சிறுநீரைச் சோதித்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார்.

"அப்ப திமிரா டாக்டர்? எங்க மாமனாரைப் பிடிக்கலையா?"

"பூனைக்குப் பழிவாங்கத் தெரியாதும்மா. அது போற இடத்துல ஏதோ ஒத்துக்கல. தட்டை மாத்தினீங்களா? மண்ணை மாத்தினீங்களா? யார் கழுவறாங்க?"

"மாமாதான். தினம் பினாயில் போட்டு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த நெடி நமக்கே தாங்காது. அதோட மூக்குக்கு எப்படி இருக்கும்? கால்ல ஒட்டினதை நக்கினா விஷம் வேற. வெந்நீர், கொஞ்சம் வாசனை இல்லாத சோப்பு, அது போதும். வீட்டுல பினாயில் படாத மெத்துன்னு ஒரு இடம் தேடியிருக்கு. வேற எங்க போகும்?"

எங்கள் படுக்கையறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மிச்சம் இருந்தது மாமாவின் மெத்தைதான். அதைக் கழுவ வாடை போக்கும் மருந்து ஒன்றும் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். மாமா, நீங்க கழுவறதாலதான். இல்லை, இது சரிப்படாது. மாமா, உங்க மேல தப்பு இல்ல, ஆனா. இதுவும் சரிப்படாது. காலமெல்லாம் கழுவிப் பேரெடுத்த மனிதரிடம் நீங்கள் கழுவுவதுதான் வினை என்று எப்படிச் சொல்வது? ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ பக்குவமா சொல்லிடுவே" என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. "மாமா, டாக்டரம்மா ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வைக்கச் சொல்லியிருக்காங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை பால்கனியில் இரண்டு தட்டு. ஒன்று மாமா வழக்கம்போலக் கழுவியது. இன்னொன்று வெறும் வெந்நீரில் நான் அலசியது. "இதெல்லாம் ஒரு கழுவலா?" என்று அதைப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டு பேரும் நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தோம்.

வக்கீல் வந்தான். மாமாவின் தட்டை முகர்ந்தான். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு, தண்ணீர் பட்டதுபோல முன்காலை உதறினான். வெந்நீர்த் தட்டுக்குப் போனான், தோண்டினான், சுற்றினான், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடியே வந்த காரியத்தை முடித்தான். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயே போய்விட்டான்.

மாமா எழுந்து போய் இரண்டு தட்டையும் குனிந்து பார்த்தார்.

"ஃபெயில்" என்றார்.

"எந்தத் தட்டு மாமா?"

"தட்டு இல்லம்மா. நான்."

அவர் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ ஜன்னலைத் தொறக்கறது காத்துக்காக இல்ல. அப்படித்தானே?"

"தலை வலிக்கும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வந்ததுலேர்ந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா எங்க நீங்க கிளம்பிடுவீங்களோன்னு பயம்."

"வக்கீல் சொல்லிட்டானே" என்றார் மாமா. "நான் கிளம்பிட்டேனா?"

அப்போதுதான் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் முதல் தடவையாக வந்தது. நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். உள்ளே வீட்டுக்காரர் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, நிலவரம் பாதகமில்லை என்று தெரிந்துகொண்டு, மறுபடி தூக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. பினாயில் கேன்கள் கீழே வாட்ச்மேன் அறைக்குப் போயின. மாமா வெந்நீரில் வீடு துடைத்தார். அந்தக் கறாரில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் நான் காபி எடுத்துக்கொண்டு போனபோது வக்கீல் காய்ந்த மெத்தையின் நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மாமா ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லட்டாம்மா?"

"சொல்லுங்க மாமா."

"நீ போடற காபில சக்கரை ரொம்ப ஜாஸ்தி. நான் வந்த நாள்லேர்ந்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத்தனை நாளும் குடிச்சீங்களே! ஏன் மாமா சொல்லல?"

"நீ எதுக்குச் சொல்லலையோ, அதுக்குத்தான்" என்றார்.