கடுகு ஒத்தடம்

கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தது நான்தான். என் கணவருக்கு அதில் சம்மதமில்லை. "எடுத்தது ஒண்ணு, சொல்லுதது ஒண்ணா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். அவருக்கென்ன தெரியும்? டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் கர்ப்பப்பையை எடுப்பது மரியாதையான விஷயம். பஸ் ஸ்டாப்பில் நின்றுகூடப் பேசலாம். எனக்கு எடுத்தது இடது மார்பை. அதைப் பஸ் ஸ்டாப்பில் எப்படிப் பேசுவது?

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்தொன்பது வயது. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவுக்கு. வலி கிடையாது. இரண்டு நாள் எனக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் அவரிடம் சொன்னேன். பாதி இட்லியோடு எழுந்து கை கழுவிவிட்டு, "கிளம்பு" என்றார். நானாக இருந்திருந்தால் பொங்கல் போகட்டும், ஹோலி போகட்டும் என்று தள்ளிப் போட்டிருப்பேன். அவருடைய அவசரத்தை ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கர்ப்பப்பைக்கு வேண்டிய புத்திமதியை வாரி வழங்கினார்கள். படி ஏறாதே, வாளி தூக்காதே, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டு. எனக்கோ இடது கையைத் தோள் வரைக்கும்கூடத் தூக்க முடியவில்லை. ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினேன். நடிப்புக்கு என்னைப் போல ஆள் கிடையாது.

எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் மட்டும் அது பலிக்கவில்லை. நான் ரவிக்கைக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு நடமாடிய நாட்கள் அவை. பஞ்சுக்குக் கனம் ஏது? கையை அசைத்தால் மேலே ஏறிக் கழுத்தெலும்புக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் மாடிப்படியில் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அவர்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக் கடுகு நிரப்பித் தலையணை தைப்பார்கள், தலை உருண்டையாக வரும் என்று. அதே மாதிரி மல் துணியில் ஒரு பை தைத்து, கடுகு நிரப்பி, ரவிக்கையைக் கழற்றச் சொல்லாமலே உள்ளே வைத்துப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் போட்டு, "அச்சா, அப் டீக் ஹை" என்றார், இப்போது சரி என்று. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழவில்லை.

வீட்டில் காட்டியபோது என் கணவர், "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சும்மாவா சொன்னாவ?" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். புருஷன் கட்டட வேலை. நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஒரு ஜுக்கிக் குடிசையில் குடியிருந்தார்கள். அவள் ஹிந்தியைக் கேட்டால் பிறந்ததே டில்லியில்தான் என்று தோன்றும். நான் பத்து வருஷமாகக் காய்கறி வண்டிக்காரரிடம் "பையா, கித்னா", அண்ணே எவ்வளவு, என்பதற்கு மேல் போகாதவள். அவளிடமும் கர்ப்பப்பைக் கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

மறு வருஷம் மழைக்காலத்தில் கடுகுப் பை நமுத்துவிட்டது. பால்கனியில் ஒரு தட்டில் வைத்து வெயில் காட்டியிருந்தேன். துணி உலர்த்தப் போனவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது என்னாம்மா, கடுகைப் பையில போட்டுத் தெச்சிருக்கீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒத்தடத்துக்கு. கட்டி, வீக்கம் இருந்தா சூடு பண்ணி வைக்கணும். கரஞ்சிரும்."

அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலைத் தடவினாள். எவ்வளவு கடுகு போட வேண்டும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

பிறகு டிசம்பர் வந்தது. ஒரு காலை, தண்ணீர் வாளியைத் தூக்கியவள் "ஸ்..." என்று கீழே வைத்துவிட்டாள். என்ன என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒத்தடம் குடுத்துப் பாத்துட்டேம்மா. மழைக்காலத்துலேர்ந்து குடுக்கறேன். கரைய மாட்டேங்குது."

எங்கே, காட்டு என்றேன். முந்தானையை விலக்கினாள். வலது மார்பில் தோல் சூட்டில் கன்றிப்போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவு. ஐந்து மாதம். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோன ஒரு பொய்யை அவள் ஐந்து மாதம் தினம் சூடு பண்ணி நெஞ்சில் வைத்திருக்கிறாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சமையலறைக் கதவைச் சாத்தினேன். ரவிக்கை ஊக்குகளைக் கழற்றிக் கடுகுப் பையை எடுத்துத் தரையில் வைத்தேன். என் கணவரையும் டாக்டர்களையும் தவிர யாருக்கும் காட்டாத இடத்தை அவளுக்குக் காட்டினேன். "கர்ப்பப்பை இல்ல. இதான் எடுத்தாங்க. உனக்கு இருக்க மாதிரிதான் எனக்கும் இருந்தது. ஒத்தடத்துல கரையாது. நான் பொய் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, ஒரு விரலால் தழும்பை மெதுவாகத் தொட்டாள்.

"ரொம்ப வலிச்சுதாம்மா?"

ஆஸ்பத்திரியில் அழாதவள், பஞ்சாபி அம்மாள் தோளில் அழாதவள், அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அவள்தான் என் ஊக்குகளை மாட்டிவிட்டாள். "இவ்ளோ நாளா இத தனியாவா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

மறுநாள் என் கணவர் லீவு போட்டார். அவளையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு நான்கு பேருமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று ஹிந்தியில் சத்தம் போட்டார். "டர் லகா" என்றாள், பயமாக இருந்தது என்று. ஒத்தடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என் ஓட்டை ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படித்தவள்தானே நீ?" என்றார்.

ஆபரேஷன் செய்தார்கள், பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். தினம் நானோ என் கணவரோ கூடப் போனோம். காயம் ஆறியதும் நானே மல் துணி வாங்கி ஒரு பை தைத்தேன். என்னுடையதைவிட அதற்கு ஒரு பிடி கடுகு அதிகம் பிடித்தது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

நான்கு வருஷம் இருந்தாள். பிறகு நோய் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஐந்து மாதம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் இருந்திருப்பாள் என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரி வருவதில்லை. பால் பூத் வரிசைதான் வருகிறது. கரண்ட் வைத்து முடிந்த மறு வாரம், நான் வரிசையில் நிற்கிறேன், பின்னால் அவள். உனக்கு என்ன ஆயிற்று, ஆளையே காணோமே என்று யாரோ அவளைக் கேட்டார்கள். அவள் ஒளிவு மறைவில்லாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கட்டி வந்தது, எடுத்துவிட்டார்கள் என்று சத்தமாக ஹிந்தியில் சொன்னாள். அதோடு விட்டாளா? என் தோளில் கையைப் போட்டு, "தீதி கா பீ" என்றாள். அக்காவுக்கும்தான்.

என் கர்ப்பப்பைக்குப் புத்திமதி சொன்னவர்கள் அத்தனை பேரும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. வீட்டுக்குப் போய் இவளை ஒரு பிடி பிடிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுவரை என்னை அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அக்கா ஆக்கிவிட்டாள் என்பதுகூட அப்போது மனசில் படவில்லை.

பாலை வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டு பிளாக் தள்ளி இருந்த ஒரு தமிழ்ப் பெண் எங்கள் பின்னாலேயே வந்தாள். பால் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "எனக்கும் ஒரு கட்டி..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

"பயப்படாம வாங்கம்மா," என்றாள் என் தங்கை. "அக்கா காட்டுவாங்க."

காட்டினேன்.