ஊதிட்டு ஓட்டுறான்

என் வீட்டுக்காரர் அற்புதசாமிக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இருந்த ஒரே வியாதி வளவன்.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கு வேன் ஓட்டினார்கள். இவருக்கு மன்னார்புரம் ரூட், பழைய வேன். நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். அந்த ரூட் கிடைத்தால் எங்கள் மகள் ஆன்சியைத் தானே கூட்டிப் போகலாம் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளியில் புது வேன் வாங்கினார்கள். வேனையும் ஸ்ரீரங்கம் ரூட்டையும் சேர்த்து, நேற்று வந்த வளவனிடம் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை.

இவர் விடியலிலேயே மன்னார்புரத்துக்குக் கிளம்பிவிடுவார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் ஆன்சி வாயில் வளவன் அண்ணா புராணம்தான். பிறந்தநாள் பிள்ளை யாராக இருந்தாலும் அவன் வேனுக்குள் பலூன் கட்டிவிடுவான். பம்ப் எல்லாம் கிடையாது, வாயாலேயே பூசணிக்காய் அளவுக்கு ஊதுவான். ஆன்சி பிறந்தநாளுக்கும் கட்டினான். இவர் கடை கடையாக அலைந்து வாங்கிய கவுனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பலூனைப் பற்றியே பேசினாள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அவன் கண்ணப் பாத்தியா லூர்து? எப்பவும் செவசெவன்னு இருக்கு. பக்கத்துல போனா ஒரு கருகின வாடை. கஞ்சா அடிக்கிறான்."

"அவன் சிரிச்சாலும் குத்தம், நின்னாலும் குத்தம். இப்ப கண்ணு செவந்தாலும் குத்தமா? பேசாம சாப்பிடுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அவன் தலை வாரும் வகிட்டில்கூடக் கோணல் கண்டுபிடித்த மனுஷன் இவர்.

ஒரு நாள் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். கஞ்சா என்று சொல்ல நாக்கு கூசியதாம். "ஸ்கூல் வேன் டிரைவர் ஒருத்தன் ஊதிட்டு ஓட்டுறான் சார்" என்றாராம். போலீசுக்கு ஊதுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். பள்ளி வாசலுக்கு வந்து மெஷினை நீட்டி, "ஊதுப்பா" என்றார்கள். வளவன் ஊதினான். பலூன் ஊதிப் பழகிய மூச்சு. மெஷினில் பூஜ்யம் வந்தது.

போன் போட்டது யார் என்று தெரிய ஜோசியரா வேண்டும்? பிரின்சிபால் பெலிண்டா மிஸ் இவரைக் கூப்பிட்டு, "பொறாமைக்கும் ஒரு அளவு இருக்குங்க. இன்னொரு தடவ இப்படிப் பண்ணா வேற எடம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். வளவனோ கோபமே படவில்லை. "விடுங்கண்ணே" என்று டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அடுத்த மாதம் ஒரு சாயந்தரம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டார்கள். வளவன் சாவியைச் சரியாகப் போட முடியாமல் தடவிக்கொண்டிருந்தான். தடவித் தடவித் தானாகச் சிரித்தான். அந்தப் பக்கம் போன இவருக்கு அதே வாடை அடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வேன் காவிரிப் பாலத்தில் ஏறும். உள்ளே ஆன்சி உட்கார்ந்திருந்தாள்.

இவர் தன் பழைய வேனைக் கொண்டுவந்து கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். பெலிண்டா மிஸ் ஓடி வந்தார்.

"வண்டிய எடுங்க! இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதீங்க."

"வரல மிஸ். வண்டிய எடுக்க மாட்டேன்."

ஆன்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அழுதாள். "அப்பா, எடுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க, அசிங்கமா இருக்குப்பா."

மறுபடி போலீஸ் வந்தது, மறுபடி மெஷின், மறுபடி பூஜ்யம். சுற்றி நின்றவர்கள் சிரித்தே விட்டார்கள். இவர் கத்தினார்: "குடிக்கல சார் அவன்! கஞ்சா சார், கஞ்சா!"

எஸ்.ஐ. முகம் மாறியது. "அத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? ஊதிட்டு ஊதிட்டுன்னா சரக்குன்னுதான நெனைப்போம். இந்த மெஷின் சரக்க மட்டும்தான் புடிக்கும். கஞ்சான்னா ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுக்கணும். எது போட்டுட்டு ஓட்டுனாலும் கேஸ் கேஸ்தான்."

டெஸ்ட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது. வளவன் மேல் கேஸ் ஆனது, லைசென்சும் போனது. பெலிண்டா மிஸ்ஸே போன் செய்து, ஸ்ரீரங்கம் ரூட்டையும் புது வேனையும் இவருக்குக் கொடுத்தார். இனியாவது மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடுவார் என்று நினைத்தேன்.

நேற்று ஆன்சியின் தோழி சுபஸ்ரீக்குப் பிறந்தநாள். காலையில் இவர் ஒரு பாக்கெட் பலூனோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு வாங்கி, கடைசியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று தேறியது. அதை நீட்டினார்.

ஆன்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வளவன் அண்ணா பெருசா ஊதுவாங்கப்பா" என்றாள்.

அவள் பையை எடுக்க உள்ளே போனதும், இவர் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"பாத்தியா லூர்து? ஊதுறதுல இன்னும் அவன்தான் ஜெயிக்கிறான்."