போமியும் முள்ளங்கிக் கிம்ச்சியும்

தென்கொரியாவில், குன்சான் துறைமுகத்தின் பின்தெருவில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறாள் பொங்சுன். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கைப்பக்குவம் அப்படி. தன் சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளை இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று பீற்றிக்கொள்வாள். பிறந்து வந்துவிட்டது. பெயர் போமி, வயது இரண்டு.

மூன்று வாரமாகப் போமி அங்கே ஒரு பருக்கை தொடவில்லை. மதியம் சாப்பிடாத பிள்ளையைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள முடியாது என்று காப்பகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அம்மா ஹேஜினோ திங்கட்கிழமை மீன் பதப்படுத்தும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

பொங்சுன் செய்யாத வித்தை இல்லை. கரண்டி விமானமாகப் பறந்தது. கேரட்டைத் துருவி முட்டைச் சுருளுக்குள் ஒளித்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. ஒரே கடியில் கண்டுபிடித்த போமி, அன்றிலிருந்து வெள்ளைச் சோற்றைக்கூடத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமையும் தட்டு அப்படியே திரும்பி வந்தது. பொங்சுனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போடி பெரிய மனுஷி! தின்னா தின்னு, தின்னாட்டிப் போ. எனக்குப் பசி உசுரு போகுது."

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆறிய சோற்றில் பார்லித் தேநீரை ஊற்றிக்கொண்டு, காரம் போட்டு ஊறவைத்த முள்ளங்கிக் கிம்ச்சியை நறுக் நறுக்கென்று கடித்தாள். தடுப்புக் கதவின் கம்பியில் குட்டி விரல்கள் தெரிந்தன. பொங்சுன் கண்டுகொள்ளவில்லை. தந்திரமெல்லாம் இல்லை, நிஜமாகவே பசி.

"எனக்கு," என்றது ஒரு குரல்.

கதவைத் திறந்துவிட்டாள். ஒரு துண்டைக் காரம் போக அலசி, மெல்லிசாகச் சீவி, முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள். நறுக்! அடுத்து ஒரு வாய் சோறு, பொங்சுனின் கிண்ணத்திலிருந்தே, போமி தன் கையாலேயே அள்ளினாள்.

ஒரு மணிக்கு அழைத்துப்போக வந்த ஹேஜின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ அக்கா, எம் பொண்ணா..."

"உஸ்! போமி அம்மா, அந்தப் பக்கம் திரும்பு! மூணு வாரமா எல்லாரும் அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி எறங்கும்? நானும்தான் பாத்தேன், கூறுகெட்டவ."

ஹேஜின் செருப்பு அலமாரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூட அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் நறுக், நறுக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கடைசியில் சத்தம் நின்றது.

"இப்ப திரும்பு, கிண்ணம் காலி," என்றாள் பொங்சுன். "திங்கட்கிழமை நிம்மதியா வேலைக்குப் போ. என் சோத்தைத்தான் முழுசாத் தின்னுட்டா, பாவி மக!"