மூளை காதுக்கு இடும் கட்டளை

உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. மேளமும் மைக்கும் ஒன்றாக முழங்கிக்கொண்டிருந்தன. அக்காவின் பெரியம்மா அவரிடம் ஏதோ கேட்டார். அக்கா சிரித்தபடி தலையாட்டினார். பெரியம்மாவின் முகம் சுண்டிப்போனது. "உங்கம்மாளுக்கு மேலுக்கு முடியலையான்னு கேட்டா சிரிக்கறா பாரு. படிச்சுப்போட்டா மனுசங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்களாட்ட இருக்குது" என்றார். அக்காவுக்கு அதுவும் கேட்கவில்லை. பக்கத்து இலையிலிருந்த நான்தான் பிறகு சொன்னேன்.

அக்கா எனக்கு உறவில்லை. கோவையில் ஒரு மருத்துவமனையின் செவித்திறன் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்தவர், சில வயது மூத்தவர். அமைதியான அறையில் குண்டூசி விழுந்தாலும் அவருக்குக் கேட்கும். நாலு பேர் சேர்ந்து பேசினால் பேச்சு கூழாகிவிடும். எங்கே சோதித்தாலும் நார்மல் என்றே வந்தது. மனசைத் தளர விடுங்கள், சரியாகிவிடும் என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்தான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

காது மூளைக்குச் செய்தி அனுப்புவது எல்லோருக்கும் தெரியும். மூளையும் காதுக்குக் கட்டளை அனுப்புகிறது என்பது பலருக்குத் தெரியாது. இரைச்சல் கூடினால், 'கொஞ்சம் அடக்கு' என்று உள்காதுக்கு நரம்பு வழியே உத்தரவு போகும். ஆரோக்கியமான உள்காது தானே மிக மெல்லிய ஒலியை எழுப்பும். நுண்ணிய மைக்கை வைத்து அதைப் பிடிக்கலாம். மறுகாதில் இரைச்சலைக் கொடுத்தால் அந்த மெல்லொலி சற்றுத் தாழும். அந்தத் தாழ்வுதான் கட்டளையின் அளவு. தன் குறை அங்கேதான் இருக்கிறதென்று அக்கா நம்பினார்.

அதை அளந்து பார்க்க, பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வந்தார்கள். எச்சில் விழுங்கினால்கூட அளவு கெட்டுவிடும் என்று சொன்னதும், ஒரு லேத் தொழிலாளி கலங்கிப்போய், "ஏனுங்க, மூச்சு உடலாமுங்களா?" என்று கேட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மாதக்கணக்கில் அளந்தோம். முடிவுகள் அழகாக வந்தன. மெல்லொலி எல்லோருக்கும் நன்றாகவே தாழ்ந்தது. அந்த அழகே அக்காவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. திரும்ப அலசியபோது, நாங்கள் கொடுத்த இரைச்சல் அதிகம் என்று தெரிந்தது. சத்தம் கூடினால் தானாக இறுகும் நடுக்காதின் சிறு தசையும் சேர்ந்து ஒலியைக் குறைத்திருந்தது. மூளையின் கட்டளையால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

"எல்லாத்தையும் தூக்கிப்போட்டறலாம் கண்ணு. இரைச்சலக் குறைச்சு மொதல்ல இருந்து பண்ணோணும்."

"வந்தவங்களையே மறுபடி கூப்பிடறதுங்களாக்கா?"

"நானே போய்க் கூப்பிடறேன்."

பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். அங்கிருந்த சத்தத்தில் அவர்கள் சொன்ன பதிலில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. இருந்தும் பெரும்பாலானவர்களை அழைத்து வந்துவிட்டார்.

இரண்டாம் முறை மாற்றம் மிகச் சிறிதாக, ஆனால் உண்மையாக வந்தது. எல்லாம் முடிந்த பிறகே அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தன் காதை என்னிடம் காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். மறுகாதுக்கு இரைச்சலைச் செலுத்தினேன். மெல்லொலி தாழ்ந்தது, எல்லோருக்கும் போலவே. அவருடைய மூளை காதுக்குச் சரியாகத்தான் கட்டளையிட்டுக்கொண்டிருந்தது.

இந்தத் தாளிலும் 'நார்மல்' என்றே எழுதினேன். அவரே எழுந்து வந்து திரையை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அப்ப இங்க இல்ல" என்றார். "வேற எடத்துல தேடோணும்."

இப்போது அந்த ஆய்வுக்கூடத்துக்கு அக்காதான் பொறுப்பு. செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டுவரை போகும் மின்துடிப்புகளை அளக்கிறார். போன வாரம் போத்தனூரிலிருந்து ஒரு ஆசிரியை வந்திருந்தார். வகுப்பில் பிள்ளைகள் பேசுவது புரியவில்லை; சோதனையிலோ எல்லாம் நார்மல். "எனக்கு மனசுலதான் ஏதோ கோளாறுன்னு ஊட்டுல சொல்றாங்க" என்று அழுதார்.

அக்கா நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"மனசுல இல்லீங்க அம்மணி. எங்கேன்னு எங்களுக்கும் இன்னும் தெரியலீங்க. ஆனா இருக்குதுங்க."