கால் சுட்டதற்கு ஒரு லட்டு

மருந்துக் கடைக்காரனுக்கு முன்பெல்லாம் காய்ச்சலும் இருமலும் படியளந்தன. இப்போது வைட்டமின் குறைவு படியளக்கிறது. பெருங்களத்தூரில் கடை வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எழுந்தாலே 'அம்மா' என்று முனகும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

ஏரிக்கரை வெயில்

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் சுதா அக்காவுக்கு வைட்டமின் டி குறைவு. மருந்தோடு, தினமும் கொஞ்சம் வெயிலிலும் நிற்கச் சொன்னார் டாக்டர். ஒருநாள் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். தொப்பி, முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கையுறை, போதாக்குறைக்குக் கறுப்புக் கண்ணாடி. குரலை வைத்துத்தான் அக்கா என்று தெரிந்தது. "வெயில் எங்கக்கா படும்?" என்றேன்.

"டாக்டர் வெயில்ல நிக்கத்தானே சொன்னாரு, கறுத்துப் போகவா சொன்னாரு?"

மாத்திரை சைவமா?

ஏழுமலை, மறைமலை நகர் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். மகளுக்குக் குழந்தை பிறக்கும்வரை கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று குன்றத்தூர் முருகனிடம் வேண்டுதல். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. பாலும் தயிரும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கறி, பால் வகைகளில் கிடைக்கும் வைட்டமின் பி12 அடிமட்டத்துக்குப் போய், பாதம் மரத்து, பிரேக்கை மிதிப்பதே தெரியவில்லை. பயந்துபோய் அவரே சாவியை ஒப்படைத்துவிட்டார். உணர்ச்சி திரும்பாவிட்டால் டிரைவர் வேலை போய்விடும்.

டாக்டர் சீட்டில் எழுதியிருந்த பி12 கேப்சூலை நீட்டினேன். "இது சைவந்தானே அண்ணா?" என்றார். மேலுறை மாட்டெலும்பிலிருந்து வருவது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"கால் போனாலும் போவட்டும் அண்ணா, பொண்ணு விஷயத்துல வெளையாட முடியாது."

உச்சிவெயில்

கடையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு அவரை டாக்டரிடமே இழுத்துப் போனேன். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. இறைச்சி சம்பந்தமே இல்லாத ஊசி ஒன்றை எழுதினார். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டார் ஏழுமலை.

போன வாரம் லட்டு டப்பாவோடு கடைக்குள் ஓடிவந்தார். "பொண்ணுக்கு விசேஷமா?" என்று எழுந்தே விட்டேன். அது இன்னும் இல்லையாம். குன்றத்தூர்க் கோயில் படியில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு ஏறியிருக்கிறார்.

"கால் சுட்டுச்சு அண்ணா! இன்னா சூடுன்றீங்க! டாக்டரும் வண்டிய எடுன்னுட்டாரு!"

எங்கள் ஊர் வெயிலுக்கு லட்டு கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.