கல்லா பக்கத்து போன்

எனக்குப் பொறாமை உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டுக்கும் என் சிநேகிதி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். படித்தது ஒரே பள்ளிக்கூடம், பிறகு வேலை பார்த்தது மார்க்கெட் பக்கத்தில் ஒரே சிக்கன் கடை. இரண்டு வருடம் நான் கோழித் துண்டுகளை மாவில் புரட்டிக் கொடுப்பேன், அவள் எண்ணெயில் போடுவாள். திடீரென்று ஒருநாள் பெங்களூரில் வெளிநாட்டு பர்கர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போக ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் கடையில் வேலைக்குச் சேர்வது என்றால் முதலாளி "நாளையிலேர்ந்து வா" என்பார், அவ்வளவுதான். லெட்டரும் கிடையாது, ரெஜிஸ்டரும் கிடையாது. கையில் எண்ணெய் தெறித்தால் டூத் பேஸ்ட் தடவிக்கொள்ளச் சொல்வார். அவளுக்கோ சேர்ந்த அன்றே அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வழுக்காத ஷூ. அரைமணிக்கு ஒருமுறை மணி அடிக்குமாம், எல்லோரும் போய்க் கை கழுவ வேண்டுமாம். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் லைனில் 'ஷிப்ட்' என்ற வார்த்தையைக் கெத்தாகச் சொன்னது அவள்தான். ஒவ்வொரு வேலையையும் கற்றுக்கொண்டதும் சட்டையில் ஒரு நட்சத்திரம் தைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சட்டையைத் துவைத்து எங்கள் வாசலுக்கு நேரே கொடியில் காயப்போடுவாள். இரண்டு நட்சத்திரம். வேண்டுமென்றே காட்டுகிறாள் என்று நினைத்து நினைத்து என் வயிறு எரியும்.

மூன்றாவது நட்சத்திரம், அதாவது ஷிப்ட் இன்சார்ஜ் பதவி, வரப்போகிறது என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில் கடை போன் அடித்தது. முதலாளி கோழி எடுக்கப் போயிருந்தார். நான் எடுத்தேன். கம்பெனியிலிருந்து ஒரு பெண். பதவி கொடுப்பதற்கு முன் விண்ணப்பத்தில் எழுதியிருப்பதைச் சரிபார்ப்பதாகப் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள். என் சிநேகிதியின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி, இந்தப் பெண் உங்கள் கடையில் இரண்டு வருடம் வேலை செய்தாளா என்று கேட்டாள். கடையில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அட்டெண்டன்ஸில் கேட்ட பெயர்.

"அப்படி யாரும் இங்க வேலை செஞ்சதில்லீங்க" என்றேன்.

போனை வைத்ததும் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் அவள் ஒரு காகிதத்தோடு வந்தாள். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் அனுபவச் சான்று காட்டாவிட்டால் வேலையே போய்விடும். அழுதழுது கண் வீங்கியிருந்தது. என்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"என் சர்ச் பேரு கடையில யாருக்குத் தெரியும்? எவனோ எடுத்து இல்லன்னுட்டான். நீ ஒரு லெட்டர் எழுதி மொதலாளியாண்ட கையெழுத்து வாங்கிக் குடு. உன் எழுத்துதான் நல்லா இருக்கும்" என்றாள்.

எழுதினேன். முதலாளி மாட்டேன் என்றார். எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு ஆபீஸர் வந்து, பி.எஃப். எங்கே என்று நிற்பாராம். கையெழுத்துப் போடாவிட்டால் நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்றேன். எனக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று அவருக்குப் புரியவில்லை. மாவில் புரட்ட வேறு ஆள் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

"போடறேன். ஆனா இன்னொரு தடவ யாருக்கும் கிடையாது. உனக்கே கேட்டாலும் கிடையாது. ஒத்துக்கினா போடறேன்."

ஒத்துக்கொண்டேன்.

மூன்றாவது நட்சத்திரம் வந்தது. சட்டை கொடியில் தொங்கியது. செய்த தப்புக்கு ஈடுகட்டிவிட்டேன், இனி வயிறு எரியாது என்று நினைத்தேன். எரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஒரு துண்டு கேக்கோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஸ்டோர்ல ஆள் எடுக்கறாங்க. உன்ன சொல்லி வெச்சிட்டேன். இப்பல்லாம் சேரும்போதே லெட்டர் கேக்கறாங்க. அன்னிக்கி எனக்கு எழுதினியே, அதே மாரி உனக்கும் ஒண்ணு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கினு வா, போதும்."

எழுதுவதற்கென்ன, என் எழுத்துதான் நன்றாக இருக்குமே. கையெழுத்துதான் கிடைக்காது. சரி என்று சொல்லிவிட்டு கேக்கைச் சாப்பிட்டேன்.